மஞ்சள் கேட்ட டெரியர்: சிறிய நீராவி இன்ஜின் ஒன்றுக்கு வரலாற்று வண்ணம் தேர்ந்த நிகழ்வு ஆய்வு

ஆய்வுக்கு வந்தது 1:32 அளவில், 45 மி.மீ. அகலத் தண்டவாளத்தில், உண்மையான நீராவியில் ஓடும் ஒரு டெரியர்; அதாவது அந்தப் பெயர் கொண்ட பழைய பிரிட்டிஷ் ரயில் இன்ஜினின் சிறு மாதிரி. உடல் பித்தளைத் தகடு, கொதிகலன் செம்பு, எரிபொருள் பியூட்டேன் வாயு. நீளம் ஏறத்தாழ 25 செ.மீ. கைமாறி வந்த இன்ஜின் அது. முன்பு பூசியிருந்த ஏதோ ஒரு பச்சையைச் சுரண்டி எடுத்துவிட்டு வெறும் பித்தளையாகவே உரிமையாளர் என்னிடம் தந்தார். அவருடைய கோரிக்கை ஒன்றுதான்: "ஸ்ட்ரௌட்லியின் மஞ்சள் வேண்டும். அது இல்லாமல் டெரியர் ஏது?"

கேட்டபடியே பூசிக் கொடுத்திருக்கலாம். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள்; கண்ணுக்கு அழகாகவும் இருக்கும். ஆனால் இந்த இன்ஜினின் உடலும் அந்த மஞ்சளும் ஒரே காலத்தைச் சேர்ந்தவை அல்ல. டெரியரை வடிவமைத்த ஸ்ட்ரௌட்லி இறந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகே இப்படிப்பட்ட உடல் பிறந்தது. வரலாற்று வண்ணம் என்று சொல்லிக்கொண்டு பூச வேண்டுமானால் முதலில் ஆண்டைத் தேர வேண்டும், வண்ணம் அதன் பின்னால் வரும் என்பது என் கட்சி. அந்த ஆண்டை வண்ண அட்டையில் தேடிப் பயனில்லை. இன்ஜினின் தகட்டிலும் தறையாணியிலும்தான் தேட வேண்டும். உரிமையாளரின் ஆசையை முறிக்காமல் அந்தத் தேடலை நடத்த முடியுமா என்பதே இங்கே எழுந்த கேள்வி.

எந்த இன்ஜின்?

லண்டன், பிரைட்டன் அண்ட் சவுத் கோஸ்ட் ரயில்வேயின் இன்ஜின் பிரிவுக்கு 1870-இல் தலைமையேற்றவர் வில்லியம் ஸ்ட்ரௌட்லி. 1889 டிசம்பரில் பாரிஸில் இறக்கும் வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். லண்டனின் நெரிசலான புறநகர்ப் பாதைகளுக்காக அவர் வடிவமைத்த ஏ1 வகைதான் டெரியர். நிலக்கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டர் என்ற பின்வண்டி இதற்குக் கிடையாது. கொதிகலனின் இரு பக்கமும் தண்ணீர்த் தொட்டி, 4 அடி விட்டத்தில் இணைக்கப்பட்ட ஆறு சக்கரங்கள். 1872 முதல் 1880 வரை பிரைட்டன் பணிமனையில் 50 இன்ஜின்கள் கட்டப்பட்டன. ஸ்டெப்னி, ஃபென்சர்ச், பாப்லர், வாடன், பாக்ஸ்ஹில் என ஊர்ப்பெயர்களும் பேட்டைப்பெயர்களும் தொட்டியின் பக்கத்தில் பொன்னெழுத்தில் மின்னின. 1878 பாரிஸ் கண்காட்சியில் தங்கப் பதக்கம் வென்ற 'பிரைட்டன்' என்ற 40-ஆம் எண் இன்ஜினும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான்.

சிறிய இன்ஜின், லேசான இன்ஜின். அந்த லேசான எடைதான் அதன் ஆயுளை நீட்டியது. ஹேலிங் தீவுக்குப் போகும் கிளைப்பாதையில் லாங்ஸ்டன் மரப்பாலம் கனமான இன்ஜின்களைத் தாங்காது. அதனால் அந்தப் பாதை மூடப்பட்ட 1963 நவம்பர் வரை டெரியர்கள்தாம் அங்கே ஓடின. 1872-இல் தொடங்கி தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் ஒரு வகை இன்ஜின் வேலை செய்தால் என்ன ஆகும்? உரிமையாளர் மாறுவார், எண் மாறும், கொதிகலன் மாறும், வண்ணம் பலமுறை மாறும். மாதிரி செய்பவருக்கு டெரியர் கொண்டாட்டமாகவும் தலைவலியாகவும் இருப்பது இதனால்தான்.

உடல் சொல்லும் ஆண்டு

முதலில் கொதிகலனின் முன்முனையில் உள்ள புகைப்பெட்டியைப் பார்த்தேன். ஸ்ட்ரௌட்லி கட்டிய ஏ1-இல் அது குட்டையாக, இருபுறமும் தகடு சரிந்து இறங்கிச் சட்டத்தோடு சேரும். இந்த மாதிரியிலோ அது உருண்டையான உருளை. முன்பக்கம் நீண்டு, தனியாக ஒரு வளைந்த இருக்கையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. இருக்கைக்கும் உருளைக்கும் நடுவே உள்ள மடிப்பில் நகத்தை ஓட்டினால் நன்றாகவே தட்டுப்படுகிறது. 1911 முதல் புதிய கொதிகலன் பொருத்தி மாற்றியமைக்கப்பட்ட இன்ஜின்களின் அடையாளம் இது. அந்த வகைக்கு ஏ1எக்ஸ் என்று பெயர்.

அடுத்து மணல்பெட்டி. சக்கரம் வழுக்கும்போது தண்டவாளத்தில் மணல் தூவுவதற்கான பெட்டி ஏ1-இல் முன்சக்கரத்தின் மேல்காப்போடு ஒன்றாகச் சேர்ந்து, நடைத்தட்டுக்கு மேலே நிற்கும். மாற்றியமைத்தபோது அதை நடைத்தட்டுக்குக் கீழே இறக்கினார்கள். மேலே வளைந்த சக்கரக் காப்பு மட்டும் மிஞ்சியது. நம் மாதிரியிலும் பெட்டி கீழேதான் இருக்கிறது. புகைப்பெட்டியும் மணல்பெட்டியும் ஒரே சாட்சியத்தைச் சொல்லிவிட்டதால் சந்தேகத்துக்கு இடமில்லை: இது ஏ1எக்ஸ், 1911-க்குப் பிந்தைய உடல்.

பின்னால் உள்ள நிலக்கரிப் பெட்டி இன்னொரு கூட்டத்தைக் கழித்துவிட்டது. வைட் தீவுக்குப் போன டெரியர்களுக்கு அங்கே கூடுதல் நிலக்கரி ஏற்ற வசதியாகப் பெட்டியைப் பின்னோக்கி நீட்டினார்கள். நம்முடையது நீட்டப்படாத பழைய குட்டைப் பெட்டி. ஆகவே எண்ணுக்கு முன்னால் டபிள்யூ எழுத்துப் போட்ட தீவு இன்ஜின்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

இந்த அளவு கவனம் தேவையா என்று கேட்பவர்கள் உண்டு. வண்ணம் காய்ந்த பிறகு புகைப்பெட்டியை மாற்ற முடியாது என்பதுதான் என் பதில்.

விலக்கிய வண்ணங்கள்

1911-க்குப் பிந்தைய உடல் என்றால் முதலில் பொருந்துவது பழுப்பு. 1905-இல் பொறுப்புக்கு வந்த டக்ளஸ் ஏர்ல் மார்ஷ் மஞ்சளைக் கைவிட்டு, பயணி இன்ஜின்களுக்கு அடர் பழுப்பைக் கொண்டுவந்தார். பெயர்கள் போயின, தொட்டியில் கம்பெனியின் எழுத்துகள் வந்தன. கண்ணியமான வண்ணம், இந்த உடலுக்குக் கச்சிதம். பத்தில் ஏழு பேருக்கு நான் இதையே சொல்லியிருப்பேன். மஞ்சள் கேட்டவரிடம் பழுப்பை நீட்டினால் எடுபடாது என்பதுதான் தடை.

1923-இல் கம்பெனிகள் இணைந்து சதர்ன் ரயில்வே உருவானது. ஆலிவ் பச்சை வந்தது. எண்ணுக்கு முன் பி எழுத்து வந்தது. பிறகு 1931 முதல் பி போய், எண்ணோடு 2000 சேர்ந்தது. அதற்கு முன்பே பழைய எண்களோடு 600 கூட்டியிருந்தார்கள். ஆகவே 55-ஆம் எண் ஸ்டெப்னி 655 ஆகி, பி655 ஆகி, 2655 ஆகி, 1948-இல் ரயில்வே தேசியமயமான பின் 32655 ஆனது. டெரியர்களின் எண்ணைப் பார்த்தே காலத்தைச் சொல்லிவிடலாம். வண்ணமும் எண்ணும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் அறிந்தவர் கண் முதலில் அங்கேதான் போகும். போர்க்காலக் கறுப்பையும், தேசியமயத்துக்குப் பிந்தைய கோடிட்ட கறுப்பையும் உரிமையாளர் கேட்கக்கூட விரும்பவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. கறுப்பு டெரியர் தண்டவாளத்தில் ஓடும்போது நிழலோடு நிழலாகிவிடுகிறது.

மஞ்சளுக்கு என்ன சாட்சி?

ஸ்ட்ரௌட்லி தன் பயணி இன்ஜின்களுக்குப் பூசிய வண்ணத்தின் அலுவல் பெயர் 'இம்ப்ரூவ்ட் இன்ஜின் கிரீன்'. பெயரில்தான் பச்சை, பார்வைக்குப் பொன் கலந்த மஞ்சள் காவி. அவருக்கு நிறக்குருடு என்று ஒரு கதை இன்றுவரை சுற்றுகிறது. கதையாகக் கேட்க நன்றாக இருக்கிறது, அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. பிரைட்டனுக்கு வருமுன் ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட் ரயில்வேயில் இருந்தபோதே இந்த மஞ்சளை அவர் பயன்படுத்தினார்.

மஞ்சள் மட்டும் இருந்தால் வேலை சுலபம். தொட்டியின் நடுப்பரப்பு மஞ்சள். அதைச் சுற்றி ஆலிவ் பச்சை விளிம்பு. இரண்டுக்கும் இடையே கறுப்புப் பட்டை. பட்டையின் ஒரு பக்கம் வெள்ளைக் கோடு, மறுபக்கம் சிவப்புக் கோடு. மூலைகள் எல்லாம் வளைவு. கீழே சட்டம் கருஞ்சிவப்பு. சக்கரங்களும் மஞ்சள். சரக்கு இன்ஜின்களுக்கு வெறும் ஆலிவ் பச்சைதான். பயணிகள் கண்ணில் படும் இன்ஜினுக்கு மட்டும் இத்தனை அலங்காரம்.

அந்த மஞ்சளின் சரியான சாயல் எது? இங்கேதான் பழைய புகைப்படங்கள் கைவிடுகின்றன. 1870-களின் கண்ணாடித் தகடுகள் நீல ஒளிக்கு மட்டுமே நன்றாக இணங்கின. மஞ்சளும் சிவப்பும் அவற்றில் கருத்துப்போய் விழும், நீலம் வெளிறிப் போகும். சாயம் சேர்த்து மற்ற நிறங்களுக்கும் தகட்டை இணங்க வைக்கலாம் என்று ஹெர்மன் ஃபோகல் 1873-இல் கண்டுபிடித்தார் என்றாலும், எல்லா நிறங்களையும் ஏற்கும் தகடுகள் விற்பனைக்கு வந்தது 1906-இல்தான். ஆக, ஸ்ட்ரௌட்லி காலத்துப் படத்தில் கருஞ்சாம்பலாகத் தெரியும் தொட்டி உண்மையில் பளிச்சென்ற மஞ்சளாக இருந்திருக்கும். போதாக்குறைக்கு, பணிமனைகளில் அதிகாரப்பூர்வப் படம் எடுப்பதற்கென்றே புது இன்ஜினுக்குச் சாம்பல் பூசி, கோடுகளை வெள்ளையில் வரையும் வழக்கமும் பரவலாக இருந்தது. இந்தப் படங்களிலிருந்து கோடு எங்கே தொடங்கி எங்கே வளைகிறது என்று படிக்கலாம். சாயலைப் படிக்க முடியாது.

பாதுகாக்கப்பட்ட இன்ஜின்கள் இருக்கின்றனவே என்றால், இருக்கின்றன; டெரியர்களில் மட்டும் பத்து. ஏ1எக்ஸ் ஆக மாற்றப்படாத பாக்ஸ்ஹில், யார்க் தேசிய ரயில்வே அருங்காட்சியகத்தில் மஞ்சளோடு நிற்கிறது. அதே கம்பெனியின் பெரிய இன்ஜினான கிளாட்ஸ்டன், 1927-இல் ஆர்வலர் சங்கம் ஒன்றால் காப்பாற்றப்பட்டு மஞ்சளுக்குத் திரும்பியது. அதுவும் யார்க்கில் உண்டு. இரண்டும் அரிய சாட்சிகள். ஆனால் ஸ்ட்ரௌட்லி இறந்து 38 ஆண்டு கழித்து, வேறு கைகள், வேறு எண்ணெய், வேறு வார்னிஷ் கொண்டு பூசியதை மூலமாகவே எடுத்துக்கொள்ளக் கூடாது. அசலில் பல படலம் வார்னிஷ் பூசுவார்கள். அது வயதாக ஆக மஞ்சளித்துக் கருக்கும். புதிதாக வெளியே வந்த இன்ஜினும் ஐந்தாண்டு புகையில் நின்ற இன்ஜினும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் இரு வேறு வண்ணமாகத் தெரிந்திருக்கும்.

இன்னொரு கண்ணியும் உண்டு. பழைய இன்ஜின்களைப் பாதுகாத்து ஓட்டும் ப்ளூபெல் ரயில்வேக்கு 1960-இல் வந்த ஸ்டெப்னியை மஞ்சள் நிறத்தில் பலர் பார்த்திருக்கிறார்கள். ஸ்டெப்னியின் உடல் ஏ1எக்ஸ். அதைப் பார்த்துவிட்டு "இந்த உடலுக்கும் மஞ்சள் பொருந்தும், 1880-இல் இப்படித்தான் இருந்தது" என்று முடிவு கட்டுவது எளிது. பாதுகாப்புக் காலத்து ஸ்டெப்னியைத்தான் செய்கிறேன் என்று வெளிப்படையாகச் சொன்னால் அதில் தவறே இல்லை. 1880 என்று சொல்லிக்கொண்டு செய்தால்தான் இடிக்கிறது.

பிரைட்டன் பணிமனையின் 377எஸ்

முடிச்சை அவிழ்த்தது சேவைக்கால வரலாற்றின் ஓர் ஓரத்தில் கிடந்த இன்ஜின். ஆதியில் 35-ஆம் எண், பெயர் மார்டன். ஏ1எக்ஸ் ஆக மாற்றப்பட்டு, சதர்ன் ரயில்வேயில் 2635 ஆக ஓடி, பிறகு பிரைட்டன் பணிமனைக்குள் வண்டிகளை இழுத்துத் தள்ளும் உள்வேலைக்கு ஒதுக்கப்பட்டது. எண் 377எஸ் ஆனது. 1947-இல் அந்தப் பணிமனை, தன் வீட்டுப் பிள்ளைக்கு ஸ்ட்ரௌட்லியின் மஞ்சளையே மறுபடி பூசி, தொட்டியில் 'பிரைட்டன் ஒர்க்ஸ்' என்று எழுதியது. தேசியமயத்துக்குப் பின் டிஎஸ்377. 1959-இல் பொதுச் சேவைக்குத் திரும்பி 32635 என்ற எண் பெற்றபோதும் மஞ்சள் நிலைத்தது. 1963-இல் ஓய்வு பெற்றது.

ஏ1எக்ஸ் உடல், மஞ்சள் வண்ணம், அருங்காட்சியகத்தில் அல்லாமல் அன்றாட வேலையில். மூன்றும் ஒரே இன்ஜினில் சேர்ந்துவிட்டன. உரிமையாளரிடம் இதைச் சொன்னபோது அவர் முதலில் கேட்டது பெயரைப் பற்றி. தொட்டியில் ஸ்டெப்னி என்று எழுத வேண்டும் என்பது அவர் மனத்தில் இருந்தது.

"ஸ்டெப்னியும் வரலாறுதானே?"

"வரலாறுதான். ஆனால் உங்களிடம் உள்ள வேகன்கள் எந்தக் காலம் என்று பாருங்கள்."

அவரிடம் இருந்தவை சதர்ன் ரயில்வேயின் அடர் பழுப்புச் சரக்கு வேகன்கள்; பக்கத்தில் சிறிய எஸ்.ஆர். எழுத்து. 1936-க்கு முன் அந்த எழுத்துகள் பெரிதாக இருக்கும். சிறிய எழுத்து என்றால் 1936-க்குப் பிறகு. தேசியமயமான பின்னும் இவ்வகை வேகன்கள் பழைய எழுத்தோடு சில ஆண்டுகள் சுற்றின. பயணி வண்டி ஒன்றுகூட அவரிடம் இல்லை. 1960-க்குப் பிந்தைய ஸ்டெப்னிக்குப் பயணி வண்டி வேண்டும். பணிமனை இன்ஜினுக்கு நாலு சரக்கு வேகன் போதும். வேகன்களே வாதத்தை முடித்துவைத்தன. பெயரை அவர் விட்டுக்கொடுத்தார்.

இந்தத் தேர்வில் எனக்குக் கிடைத்த பெரிய நன்மை வேறு. 377எஸ் மஞ்சளாக நின்ற காலத்தில் வண்ணப் புகைப்படச் சுருள் வந்துவிட்டது. கோடாக்ரோம் 1930-களிலேயே விற்பனைக்கு வந்தது. ஆகவே நான் ஒப்பிட வேண்டியது 1870-களின் கலவையோடு அல்ல, 1947-இல் பணிமனை கலந்த மஞ்சளோடு. இருட்டில் பத்திரமாக வைத்த கோடாக்ரோம் வில்லைகள் நிறம் மாறாமல் நிற்பதற்குப் பெயர்போனவை. அக்காலத்து மற்றச் சுருள்கள் பல வெளிறியும் சிவந்தும் போயின. படத்தில் இன்ஜினைப் பார்க்கும் முன், நிறம் நமக்குத் தெரிந்த வேறு ஏதாவது ஒன்றை, செங்கல் சுவரையோ புல்லையோ மனித முகத்தையோ, பார்ப்பது என் வழக்கம். அது இயல்பாக இருந்தால்தான் இன்ஜினின் மஞ்சளை நம்புவேன்.

கலவை

மஞ்சள் நிறமிகள் அடியில் உள்ளதை மறைப்பதில் சோம்பேறிகள். அதனால் அடிப்பூச்சின் நிறம் மேலே எட்டிப் பார்க்கும். பித்தளைத் துண்டுகளில் சாம்பல், வெள்ளை, செங்காவி என மூன்று பிரைமர் அடித்து, மூன்றின் மேலும் ஒரே மஞ்சள் காவி எனாமலை ஏர்பிரஷ்ஷில் ஒரே கனத்தில் பூசிப் பார்த்தேன். சாம்பலின் மேல் மஞ்சளில் பச்சைச் சாயல் தட்டியது. கறுப்பு கலந்த மஞ்சள் ஆலிவ் பக்கம் சாயும் என்பது தெரிந்த விஷயம்தான், ஆனால் இவ்வளவு சாயும் என்பதைத் துண்டில் பார்த்தால்தான் நம்ப முடிகிறது. வெள்ளையின் மேல் எலுமிச்சை மினுக்கம். செங்காவியின் மேல் கதகதப்பான பொன்னிறம், ஆனால் தேவைக்குச் சற்று அதிகமாகவே சிவந்தது. முடிவில் செங்காவியோடு வெள்ளை கலந்த வெளிர்காவி இடைப்பூச்சு ஒன்றைப் பிரைமருக்கும் மஞ்சளுக்கும் நடுவே போட்டேன். மேல்பூச்சில் ஓரம், நடு என்ற வேறுபாடு இல்லாமல் சீராக வந்தது.

அளவு சிறியதானால் அதே வண்ணம் கருத்துத் தெரியும். எட்டு மீட்டர் இன்ஜினை நாம் திறந்த வெளியில், தூரத்திலிருந்து, நடுவில் காற்றும் வெளிச்சமும் சூழப் பார்க்கிறோம், 25 செ.மீ. மாதிரியைக் குனிந்து பார்க்கிறோம். அதனால் பலரும் கலவையில் கொஞ்சம் வெள்ளை சேர்ப்பார்கள். மஞ்சளில் நானும் மிகக் கொஞ்சமாகச் சேர்த்தேன். ஆலிவ் விளிம்பில் சற்றுத் தாராளமாகச் சேர்த்தேன். அங்கே சேர்க்காவிட்டால் விளிம்பு கறுப்புப் பட்டையோடு கரைந்து, இரண்டும் ஒரே கருமையாகிவிடும்.

எந்த வெளிச்சத்தில் தீர்மானிப்பது என்பதும் கேள்விதான். மஞ்சள் கலந்த எல்.இ.டி. விளக்கின் கீழ் இந்தக் காவி ஆரஞ்சாகவும், ஆலிவ் பழுப்பாகவும் மாறிவிடுகிறது. திறந்தவெளித் தண்டவாளத்தில் ஓடப்போகும் இன்ஜின் என்பதால் நேர்வெயில் படாத பகல் வெளிச்சத்தில்தான் எல்லாத் துண்டுகளையும் ஒப்பிட்டேன். அலமாரிக் காட்சிக்கான மாதிரியாக இருந்தால் அந்த அலமாரியின் விளக்கடியில் தீர்மானித்திருப்பேன்.

சூடு

மின்சாரத்தில் ஓடும் மாதிரிக்கு இத்தோடு வேலை முடிந்திருக்கும். இது நீராவி இன்ஜின். இதன் பாதுகாப்பு வால்வு 4 பார் அழுத்தத்தில் திறக்கும். அந்த அழுத்தத்தில் நீராவியின் வெப்பம் ஏறத்தாழ 152 டிகிரி செல்சியஸ். மஞ்சள் காவிக்கு இதில் ஒரு தனி ஆபத்து இருக்கிறது. அதன் நிறத்துக்குக் காரணம் நீர் சேர்ந்த இரும்பு ஆக்சைடு. ஏறத்தாழ 180 டிகிரியைத் தாண்டினால் அந்த நீர் வெளியேறத் தொடங்கி, மஞ்சள் செங்காவியாக மாறும். சுட்ட காவி நிறமிகளைத் தயாரிப்பதே இந்த வழியில்தான். நமக்கு அந்த ரசவாதம் இன்ஜினின் முதுகில் நடக்கக் கூடாது.

கொதிகலனின் செம்பு 150 டிகிரிக்கு மேல் பெரிதாகப் போவதில்லை. அதைச் சுற்றிய மேலுறைத் தகடு அதைவிடக் குளிர்ந்தே இருக்கும். இருந்தும் இரண்டுக்கும் நடுவே மெல்லிய செராமிக் தாளைச் சுற்றினேன். வண்ணத்துக்கும் நல்லது, வாயுச் சிக்கனத்துக்கும் நல்லது. மேலுறை புகைப்பெட்டியைச் சந்திக்கும் வளையம்தான் மிகச் சூடான இடம். பூசிக் காயவைத்த ஒரு பித்தளைத் துண்டை அந்த இடத்தில் கம்பியால் கட்டி, முழு அழுத்தத்தில் வாயு தீரும்வரை ஓட்டினேன். துண்டின் மஞ்சள் மாறவில்லை. மேலே அடித்திருந்த வார்னிஷ்தான் லேசாக மஞ்சளித்தது. அதனால் கொதிகலன் பகுதிக்கு மட்டும் வேறு வார்னிஷ்ஷுக்கு மாறினேன்.

புகைப்பெட்டிக்கு எனாமல் ஆகாது. சிலிகான் அடிப்படையிலான சூடு தாங்கும் கறுப்பு, அதுவும் பிரைமர் இல்லாமல், உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்துக் கிரீஸ் நீக்கிய உலோகத்தின் மேல் நேராக. இவ்வகை வண்ணம் முதல் சூட்டில்தான் முழுதாக இறுகும். அதுவரை விரல் பட்டாலே தடம் விழும்.

அக்ரிலிக் ஏன் வேண்டாம் என்றேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்த இன்ஜின் வாயுவில் ஓடினாலும், இவ்வகை மாதிரிகளில் ஸ்பிரிட் அடுப்பும் சகஜம். ஸ்பிரிட் சிந்தினால் அக்ரிலிக் கரைந்து வழியும். முழுதாக இறுகிய எனாமல் நின்று பிடிக்கும். தொட்டுப் பார்க்கக் காய்ந்துவிட்ட எனாமல் உள்ளே இறுகப் பல நாள் பிடிக்கும் என்பதுதான் அதன் விலை. அவசரக்காரர்களுக்கு அது தோதுப்படாது.

வெஸ்டிங்ஹவுஸ் காற்று பிரேக் பம்ப்பு வெள்ளை உலோக வார்ப்பாக இருந்தது. அதைத் திருகு கழற்றித் தனியே பூசிச் சேர்த்தேன். அதில் சொல்ல வேறொன்றுமில்லை.

கோடுகள்

அசலில் விரல் அகலம்கூட வராத வெள்ளைக் கோடு, 1:32 அளவில் சுமார் 0.3 மி.மீ. ஆகிறது. இதற்கு இரு வழிகள்: அச்சிட்ட கோட்டைத் தாளிலிருந்து பரப்பின் மேல் ஒட்டும் டிரான்ஸ்ஃபர், அல்லது வரைகலைக்காரர்கள் ஒரு காலத்தில் பயன்படுத்திய ரூலிங் பேனா. தொட்டியின் தட்டைப் பரப்புக்கு டிரான்ஸ்ஃபர் நன்றாகவே அமைந்தது. நாலு வளைவு மூலைகளும் ஒன்றுபோல் வந்துவிடுகின்றன. கொதிகலனைச் சுற்றும் வளையங்களில் அதை நான் நம்பவில்லை. சூட்டில் விரிந்து சுருங்கும் தகட்டின் மேல் டிரான்ஸ்ஃபரின் மெல்லிய படலம் ஓரத்தில் கிளம்பும். அதற்கடியில் எண்ணெய் நுழைந்தால் முடிந்தது கதை. எனவே வளையங்களுக்குப் பேனா.

பேனாவின் இரு அலகுகளுக்கு நடுவே ஒரு துளி எனாமல். திருகைச் சுழற்றி இடைவெளியைக் குறைத்தால் கோடு மெலியும். வண்ணம் கெட்டியாக இருந்தால் பேனா விட்டு இறங்காது, தண்ணியாக இருந்தால் தொட்ட இடத்தில் குளம் கட்டும். கண்ணாடித் துண்டில் முதலில் இழுத்துப் பார்த்து, கோடு அறுபடாமல் வந்த பிறகே இன்ஜினைத் தொட வேண்டும். கறுப்புப் பட்டை முதலில்; அது இறுகிய பின் வெள்ளை; கடைசியில் சிவப்பு. வரிசை முக்கியம்: கோணிய கறுப்பின் ஓரத்தை அடுத்து வரும் மெல்லிய கோடு திருத்திவிடும், கோணிய வெள்ளையைத் திருத்த எதுவும் வராது. இழுத்த கோடு பிடிக்காவிட்டால் ஈரமாக இருக்கும்போதே தின்னர் தொட்ட தூரிகையால் துடைத்தெடுக்கலாம். அடியில் உள்ள மஞ்சள் நன்றாக இறுகியிருந்தால் மட்டுமே இந்தச் சலுகை உண்டு.

முடிந்த பின்

மேலே அரைப் பளபளப்பு வார்னிஷ். அசல் இன்ஜின் முகம் பார்க்கும் அளவுக்கு மின்னியிருக்கலாம். அதே மினுக்கத்தை இந்த அளவில் கொண்டுவந்தால் பொம்மையாகத் தெரியும். முழு மட்டாக விட்டால், நீராவி இன்ஜின் புகைபோக்கி வழியாகத் துப்பும் எண்ணெய் கூரையிலும் தொட்டியிலும் ஊறிக் கறையாகும். அரைப் பளபளப்பில் ஒரு துணி போதும். அழுக்கு, துரு, கசிவு என்று எதையும் செயற்கையாக வரையவில்லை. பணிமனை தன் செல்லப் பிள்ளையாகப் பூசி வைத்திருந்த இன்ஜினுக்கு அழுக்கு பூசுவது எனக்கு ஒப்பவில்லை. ஓட ஓட அது தானே சேர்த்துக்கொள்ளும். கூரையை மட்டும் வெளிர்சாம்பலாக்கினேன். நிலக்கரிப் புகைக்கடியில் வேலை செய்யும் எந்தக் கூரையும் தூய வெள்ளையைத் தக்கவைத்துக்கொள்வதில்லை.

எண்ணைப் பொறுத்தவரை ஒரு சமரசம் செய்தோம். எஸ்.ஆர். வேகன்களோடு இப்போதைக்கு 377எஸ் நன்றாகப் பொருந்துகிறது. பின்னால் தேசியமயக் கால வேகன்களை வாங்கும் எண்ணமும் உரிமையாளருக்கு இருக்கிறது. அப்போது அதே மஞ்சள், அதே 'பிரைட்டன் ஒர்க்ஸ்', எண் மட்டும் டிஎஸ்377 ஆக வேண்டும். அதனால் மற்ற எழுத்துகளையெல்லாம் வார்னிஷுக்கு அடியில் வைத்து, எண்ணை மட்டும் முதல் வார்னிஷ் காய்ந்த பிறகு ஒட்டி, அதன் மேல் அந்த இடத்துக்கு மட்டும் ஒரு மெல்லிய பூச்சு கொடுத்திருக்கிறேன். டிஎஸ்377 டிரான்ஸ்ஃபர் தாளையும் சேர்த்தே உரிமையாளரிடம் கொடுத்துவிட்டேன்.